சங்குப்பிட்டிப் பாலத்து ஆமைப்பூட்டுகள்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கிளம்பியது. போக வரக் கட்டணம் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்; பயணம் ஏறக்குறைய நாலு மணி நேரம். ஐம்பத்தெட்டு வயதில் முதன்முதலாகக் கடல் தாண்டுகிறேன். கோயிலுக்கா என்றால் இல்லை, கல்யாணத்துக்கா என்றால் அதுவும் இல்லை. ஒரு சந்தேகம் மண்டையைக் குடைந்தது, அதைத் தீர்த்துக்கொள்ளப் போகிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை நடத்துகிறவள். வீட்டுக்காரர் போன பிறகு பட்டறையை விற்கச் சொன்ன அத்தனை பேர் வாயையும் அடைத்துவிட்டுப் பதினாறு வருடமாக நானே நடத்துகிறேன். யாழ்ப்பாணத்தில் கொடிகாமம் என்ற ஊரில் நவரத்தினம் என்று ஓர் இரும்புக்கடைக்காரர் எங்களிடம் பூட்டு வாங்குகிறார். ஆறேழு வருடப் பழக்கம், முழுக்கப் போனில்தான். மனிதர் கதவுக்குப் போடுகிற பூட்டைக் கேட்டதே இல்லை. இருப்பதிலேயே சின்னதான நாலு லீவர் பூட்டு, அதாவது சாவிப் பல் தூக்கும் தகடு உள்ளே நாலு வைத்தது, இரண்டு விரல் அகலம், அதுதான் டஜன் டஜனாக வேண்டும். அதை நம்பி ஒரு தகரப் பெட்டியைக்கூடப் பூட்ட முடியாது. "அப்படி என்னதான் பூட்டுறீங்க உங்க ஊர்ல?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "நேரை வந்து பாருங்கோவன் அக்கா. போனிலை சொன்னா நம்பமாட்டியள்."

சரி, வந்தே பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

காங்கேசன்துறையில் இறங்கும்போது மணி பதினொன்றே முக்கால். நடுக்கடலில் என் வயிறு என்னைப் படுத்திய பாட்டை எழுதி உங்களுக்கும் குமட்டல் வரவழைக்க வேண்டாம். சுங்கத்தில் என் பெரிய பையைத் திறந்த அதிகாரி அப்படியே நின்றுவிட்டார். மாதிரிப் பூட்டுகள் பதினொன்று, வெட்டாத சாவிகள் ஒரு கொத்து, இரண்டு அரம், குறடு, சின்னச் சுத்தியல், ஆணி தட்டும் உளி. சேலை மூன்றுதான்.

"அம்மா என்ன வேலை?" என்றார், சிங்களம் தோய்ந்த தமிழில்.

"பூட்டு வேலை."

"பூட்டுறதா, உடைக்கிறதா?"

"ரெண்டும் தெரியும்யா. எது வேணும்?"

சிரித்துக்கொண்டே பையை மூடிக் கொடுத்தார்.

அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், அங்கே மாறிக் கொடிகாமத்துக்கு இன்னொரு பஸ். முதல் பஸ் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே போயிற்று. வெங்காயமும் புகையிலையும், ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிணறு. இரண்டாவது பஸ் ஏ9 வீதியில் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நாவற்குழியில் கடல்நீரேரியைத் தாண்டியதும் மண்ணின் நிறமே மாறி வெள்ளை மணலும் தென்னையும் பனையுமாக ஆகிவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண் மடியில் ஒரு பலாப்பழத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு தூங்கினாள். அந்த முள் குத்தாதா என்று கேட்க வாய் வரை வந்தது.

மாலை நாலு மணிக்குக் கொடிகாமம் சந்தை. மாம்பழ வாசனை தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. நவரத்தினம் போன் குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். "வாங்கோ அக்கா, வாங்கோ! முதலிலை ஒரு பிளேன்டீ குடியுங்கோ" என்று கடைக்குள் உட்கார வைத்தார். அந்தப் பால் விடாத டீயைக் குடித்து முடிக்கவில்லை, ஓர் இளம் ஜோடி வந்தது. பெண்ணின் கழுத்தில் தாலிக்கொடி பளபளவென்று புதிதாக இருந்தது.

"அண்ணை, ஒரு ஆமைப்பூட்டு. சின்னது" என்றான் பையன்.

தொங்கும் பூட்டுக்கு இங்கே ஆமைப்பூட்டு என்று பேர். சாவியைத் திறப்பு என்கிறார்கள். நவரத்தினம் எங்கள் பட்டறைப் பூட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதோடு வரும் இரண்டு திறப்பில் ஒன்றைப் பெண்ணிடமும் மற்றதைப் பையனிடமும் கொடுத்து, "மூண்டு தரம் பூட்டித் திறவுங்கோ. ரண்டுபேரும். வடிவாப் பாத்துத்தான் நான் தருவன்" என்றார். இருவரும் ஏதோ பரீட்சை எழுதுவது போலப் பூட்டித் திறந்தார்கள். அவள் மூன்றாவது தடவை திறக்கும்போது கண் கலங்கிவிட்டது. அவன் திங்கட்கிழமை நோர்வேக்குத் திரும்புகிறானாம்.

அவர்கள் போன பிறகு நவரத்தினம் விளக்கினார். வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளை ஒரு மாத லீவில் வருவார். கல்யாணம் நடக்கும். அவர் திரும்பிப் போவார். பெண்ணுக்கு விசா வர வருடக்கணக்கில் ஆகும். போவதற்கு முன் இருவரும் சங்குப்பிட்டிப் பாலத்தில் ஒரு பூட்டைப் பூட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு திறப்பை எடுத்துக்கொள்வார்கள். விசா வந்ததும் இங்கே இருப்பவர் தன் திறப்பால் திறந்து பூட்டை எடுத்துக்கொண்டு விமானம் ஏறுவார். பெண் அங்கே இருந்து பையன் இங்கே காத்திருந்தாலும் அதேதான்.

வெளிநாட்டுப் பாலங்களில் காதலர்கள் பூட்டுப் போட்டுச் சாவியை ஆற்றில் வீசுவதைப் போனில் பார்த்து வயிறெரிந்தவள் நான். சாவியை எறிகிறவனுக்குப் பூட்டு எதற்கு? ஒரு கம்பியை முறுக்கிவிட்டுப் போக வேண்டியதுதானே? இங்கேயும் அந்தக் கூத்துதான் என்று நினைத்து வந்தேன். இவர்கள் திறப்பதற்காகப் பூட்டுகிறார்கள். நாற்பது வருடமாகப் பூட்டோடு பிழைக்கிற எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை. நவரத்தினம் ஏற்பாடு செய்த ஓட்டோ வாசலில் நின்றது. ஓட்டுநர் ரவி, நாற்பது வயதிருக்கும். போய் வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து ஆறாயிரம் இலங்கை ரூபாய். தூரம் ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீட்டர்.

சாவகச்சேரியில் திரும்பித் தனங்கிளப்பு தாண்டியதும் வீடுகள் நின்றுபோயின. இரண்டு பக்கமும் உப்பு வெளி. அதில் கால் மடித்து நின்றன பூநாரைகள். நூறோ இருநூறோ, எண்ண முடியவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பதைக் கண்ணாடியில் கண்ட ரவி சிரித்தார்.

"உதுக்கே உப்பிடிப் பாக்கிறியள் அம்மா. இன்னும் பாலம் வரேல்லை."

கேரதீவு முனையில் தரை முடிந்தது. அதன் பிறகு தண்ணீர்தான், நடுவே நீண்டு போகிறது பாலம். முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்றார் ரவி. இந்தக் கரை யாழ்ப்பாணம், அந்தக் கரை பூநகரி. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று ஓட்டோவையே ஒரு பக்கம் சாய்த்தது. இறங்கி நின்றேன். முதலில் கேட்டது சத்தம். ஓயாத, மெல்லிய கிணுகிணுப்பு. எங்கிருந்து வருகிறது என்று புரிவதற்குள் கண்ணில் பட்டுவிட்டது.

பாலத்தின் கைப்பிடிக் கம்பி தடிமன். சின்னப் பூட்டின் வளையம் அதைச் சுற்றாது. அதனால் யாரோ ஒரு புண்ணியவான் கம்பியோடு ஒரு சங்கிலியை இழுத்துக் கட்டியிருக்கிறார். அந்தச் சங்கிலி பாதிப் பாலம் வரை ஓடுகிறது. அதன் கண்ணிகளில் தொங்கின பூட்டுகள். ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் இரண்டு எழுத்தும் ஓர் ஊரும்: டொரொண்டோ, பாரிஸ், லண்டன், சூரிச், ஒஸ்லோ. நடக்க நடக்க வந்துகொண்டே இருந்தன. பூட்டின் வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன், எங்கள் முத்திரை. அடுத்ததைத் திருப்பினேன், அதிலும் எங்கள் முத்திரை. நாலில் மூன்று என் பட்டறையில் என் கண் முன்னால் பிறந்தவை. கடவுளே! நான் தகரப் பெட்டிக்குக்கூடப் போதாது என்று இளக்காரம் பண்ணிய பூட்டை நம்பி இத்தனை குடும்பம் இந்தக் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கை கூப்பத் தோன்றியது, கூப்பினேன்.

"வெறுங் கண்ணியளைப் பாருங்கோ அம்மா" என்றார் ரவி. நடுநடுவே பூட்டில்லாத கண்ணிகள், உராய்ந்து தேய்ந்த தடத்தோடு. "அதெல்லாம் போய்ச் சேர்ந்த ஆக்கள். என்ரை தங்கச்சியின்ரையும் உதிலை ஒண்டு. லண்டனிலை இப்ப ரண்டு பிள்ளையள்."

"விசா வராதவங்க?"

"திறக்கமாட்டினம். விசா வர முன்னம் திறந்தால் பிறகு வராது எண்டு சனம் சொல்லுது. சிலருக்கு வரவேயில்லை. பூட்டு நிக்குது."

அப்போதுதான் இருபதடி தள்ளி ஒரு பெண் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் ஸ்கூட்டி. போனைக் கம்பி இடுக்கில் செருகி வைத்திருந்தாள். அதன் திரையில் ஓர் இளைஞனின் முகம். அவள் பூட்டில் சாவியை விட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். சாவி வளைவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"திருகாதே! விடு, விடு, அழுத்தாதே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

போய்ச் சேருவதற்குள் டக்கென்று ஒரு சத்தம். சாவியின் தலை அவள் கையில் இருந்தது. பல் உள்ளே நின்றுவிட்டது.

அந்தப் பெண் அலறவில்லை. கையிலிருந்த துண்டைப் பார்த்தபடி அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். போனிலிருந்து, "என்ன சத்தம்? தர்சிகா, என்ன நடந்தது?" என்று குரல் வந்துகொண்டிருந்தது.

அவள் பெயர் தர்சிகா, கோப்பாய்க்காரி, முன்பள்ளியில் ஆசிரியை. திரையில் இருந்தது அவள் கணவன் நிரூபன், டொரொண்டோவில். கல்யாணமாகி நாலு வருடம். ஒன்றாக இருந்தது பத்தொன்பது நாள். விசா ஒருமுறை மறுக்கப்பட்டு, மறுபடி விண்ணப்பித்து, போன வாரம்தான் வந்தது. நாளைக் காலை கொழும்புக்கு வேன், நாளை இரவு விமானம். பூட்டைத் திறக்க அவளுக்கு இருந்தது இன்று ஒரு நாள்தான்.

"தங்கச்சி, அழாதையும்" என்றார் ரவி. "சாவகச்சேரியிலை ஆக்சோ பிளேட் வாங்கியாறன். ரண்டு நிமிசத்திலை அறுத்துப்போடலாம்."

"வேண்டாம் அண்ணை!" அவள் பூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "அறுக்கிறதெண்டால் நான் போகேல்லை. திறக்காமல் போனால், அங்கை போயும் நான் இஞ்சை காத்துக்கொண்டுதான் நிப்பன். எனக்குத் தெரியும்."

"விசர்க் கதை கதையாதை தர்சிகா" என்றான் போனில் இருந்தவன். ஆனால் அவன் குரலும் உடைந்துவிட்டது.

நான் குனிந்து பூட்டைப் பார்த்தேன். எங்கள் பூட்டு. துளையில் விரல் வைத்தேன், பிசுபிசுவென்று ஒட்டியது. மோந்து பார்த்தேன்.

"என்னது இது? எண்ணெயா?"

"ஓம் அம்மா. மாசத்திலை ஒரு வெள்ளிக்கிழமை வருவன். எங்கடை பிள்ளையார் கோயில் விளக்கெண்ணெயிலை ஒரு சொட்டு விடுவன். துருப்பிடிக்கக் கூடாதெண்டு."

எனக்கு வந்ததே கோபம்! "பூட்டுக்குள்ள கோயில் எண்ணெயை ஊத்துவாங்களா? அது தூசியை இழுத்து வச்சு பிசின் மாதிரி ஆயிரும்னு யாரும் சொல்லலையா? படிச்ச பொண்ணு தானே நீ? நாலு வருஷமா ஊத்தி ஊத்தி நீயே கெடுத்து வச்சிருக்கே!" அவள் தலையைக் குனிந்துகொண்டு, "என்ரை பிழைதான் அம்மா" என்றாள். ரவி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கொட்டிய பிறகு எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் திருப்பி எடுக்க முடியுமா?

ஓட்டோவிலிருந்து பையை எடுத்து வரச் சொன்னேன். துளைக்குள் போகிற மெல்லிய இடுக்கி இல்லை; தர்சிகாவின் கொண்டை ஊசி இரண்டை நெளித்து, இருபது நிமிடம் தோண்டி, உடைந்த பல்லை வெளியே எடுத்தேன். அது இரண்டாகப் பிளந்து வந்தது. அதை வைத்து அளவெடுக்க முடியாது. புதுச் சாவி வெட்ட வேண்டும், எதைப் பார்த்து வெட்டுவது?

"தம்பி" என்றேன் போனைப் பார்த்து. "உங்ககிட்ட ஒரு சாவி இருக்கணுமே?"

அவன் எழுந்து ஓடுவது திரையில் தெரிந்தது. அங்கே இரவு ஒன்பதரை. திரும்பி வந்தபோது அவன் விரல் நடுவே எங்கள் பட்டறையின் சின்னச் சாவி. அது அங்கே ஒரு சமையலறை விளக்குக்குக் கீழே மின்னியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். எழுதத்தான் செய்வேன்.

"ஒரு வெள்ளைத் தாள்மேல வைங்க. அடிக்கோல் இருந்தா பக்கத்துல வைங்க. போனை நேரா மேல பிடிங்க, ஆட்டாதீங்க."

முதல் பல் முழு உயரம். இரண்டாவது பாதி. மூன்றாவது முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. நாலாவது முழுசு. எங்கள் பட்டறையில் பல்லுக்கு ஐந்து உயரம்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெட்டாத சாவியைக் குறட்டில் பிடித்து, பாலத்துக் கம்பியில் முட்டுக்கொடுத்து அராவ ஆரம்பித்தேன். காற்று பித்தளைத் தூளைக் கண்ணில் வீசியது. தர்சிகா தன் துப்பட்டாவை விரித்துப் பிடித்துக் காற்றை மறைத்தாள். நடுவே பூநகரிப் பக்கம் போகும் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது, நடத்துநர் எட்டிப் பார்த்து, "திறந்திட்டுதோ?" என்று கேட்டார். ரவி இல்லை என்று கையசைத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள்.

எட்டே முக்காலுக்குச் சாவி தயார். உள்ளே போயிற்று. திரும்பவில்லை.

மூன்றாவது லீவர் தன் இடத்தில் நிற்கவில்லை என்று விரல் சொன்னது. பூட்டைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, அரத்தின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினேன். ஒரு தட்டு, அரை இழுப்பு. ஒரு தட்டு, அரை இழுப்பு. பதினைந்து நிமிடம் இப்படி. தர்சிகா துப்பட்டாவை விடாமல் பிடித்திருந்தாள்.

சட்டென்று விரலுக்குள் ஒரு குழைவு. லீவர் தன் இடத்தில் விழுந்துவிட்டது. அங்கேயே கையை நிறுத்திக்கொண்டு, "வாம்மா, மிச்சத்தை நீயே திருப்பு" என்றேன்.

அவள் இரண்டு விரலால் தொட்டாள். வளையம் துள்ளி எழுந்தது.

தர்சிகா பூட்டைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, போனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "வாறன்." அவ்வளவுதான், இரண்டு பேரும் அழுதார்கள். ரவி ஓட்டோ ஹாரனை அடித்துத் தள்ளினார். நானும் அழுதேன், பித்தளைத் தூள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இத்தோடு விட்டிருந்தால் பெரிய மனுஷியாக ஊர் திரும்பியிருப்பேன். தொழில் புத்தி விடவில்லை. "பத்து நிமிஷம் குடும்மா" என்று பூட்டை வாங்கி, பின்தகட்டின் ஆணிகளைத் தட்டி உள்ளே பார்த்தேன்.

லீவர்கள் நாலும் பளிச்சென்று இருந்தன. எண்ணெய் பட்ட இடம் எதிலும் துருவும் இல்லை, களிம்பும் இல்லை. பிசின் பிசின் என்று நான் கத்திய அந்த எண்ணெய்தான் இந்த உப்புக்காற்றில் பூட்டை நாலு வருடம் உயிரோடு வைத்திருந்திருக்கிறது. செத்துக் கிடந்தது மூன்றாவது லீவரின் ஸ்பிரிங். தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரும்பு ஸ்பிரிங், எண்ணெய் எட்டாத மூலையில். முன்பெல்லாம் இதையும் பித்தளையில்தான் போட்டோம். விலை ஏறியபோது, சின்னப் பூட்டுத்தானே, உள்ளே யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று மாற்றச் சொன்னது யார்? நான்தான். பட்டறை நடுவே நின்று என் வாயாலேயே சொன்னேன்.

பேசாமல் மூடிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் தன் பிழை என்று நம்பிக்கொண்டு விமானம் ஏறுவாள்.

"தர்சிகா, இங்க பாரு. இது நான் செஞ்ச பூட்டு. உன் எண்ணெய் ஒரு தப்பும் பண்ணலை. அது இல்லேன்னா எப்பவோ போயிருக்கும். தப்பு என்னோடது. காசு மிச்சம் பிடிக்க மட்டமான ஸ்பிரிங் போட்டேன். உன்னைத் திட்டினேன் பாரு, அந்தத் திட்டெல்லாம் எனக்குத்தான்."

அவள் என் உள்ளங்கையில் இருந்த துருப்பொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ நிமிர்ந்து சங்கிலி நெடுகத் தொங்குகிற பூட்டுகளைப் பார்த்தாள்.

"அப்ப உவையின்ரை பூட்டு, அம்மா?"

அவ்வளவுதான் கேட்டாள்.

அன்றே கப்பல் டிக்கெட்டைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். ரவி என்னை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், மீன்பிடிச் சாமான் கடையில் தூண்டிலுக்குப் போடும் துருப்பிடிக்காத கம்பிச் சுருள் வாங்கித் தந்தார். இரவு முழுக்க நவரத்தினத்தின் கடையில் உட்கார்ந்து அதை ஸ்பிரிங்காக வளைத்தேன். அவர் தன்னிடம் பூட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் போனில் செய்தி அனுப்பினார், "கம்பனிக்காரம்மா பாலத்திலை நிக்கிறா, திறப்போடை வாங்கோ" என்று. ஒரு பட்டறையைக் கம்பனியாக்கிவிட்டார் மனிதர்.

சனிக்கிழமை காலை பாலத்துக்கு வந்தவர்களைப் பார்த்து மலைத்துப்போனேன். கோப்பாய், மானிப்பாய், மிருசுவில், எங்கெங்கிருந்தோ ஸ்கூட்டியிலும் பஸ்ஸிலும் வந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், இரண்டு ஆண்களும் உண்டு. எல்லார் கையிலும் திறப்பு. நான் மன்னிப்புக் கேட்டேன், நடந்ததைச் சொன்னேன், ஒவ்வொன்றாகத் திறந்து ஸ்பிரிங் மாற்றித் தருகிறேன் என்றேன்.

ஒருவர்கூட முன்னால் வரவில்லை.

"விசா வராமல் எப்பிடி அம்மா திறக்கிறது?" என்றாள் ஒருத்தி.

"திறக்காம எப்படி ரிப்பேர் பண்றது?" என்றேன் நான்.

மூடநம்பிக்கை என்று சொல்ல நாக்குத் துருதுருத்தது. முந்தின நாள் பட்டது போதும் என்று அடக்கிக்கொண்டேன். ஊரில் என் கடைக்கு வருகிறவர்கள், உடைக்க முடியுமா என்று கேட்பார்கள். நாற்பது வருடத்தில் ஒருவர்கூட, இது திறக்குமா என்று கேட்டதில்லை. அதையே கேட்டுக்கொண்டு நிற்கிற இத்தனை பேருக்கு நடுவே, என் சுத்தியலோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். மதியம் வரை இப்படியே போயிற்று. சிலர் பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நாலு மணி சுமாருக்கு மானிப்பாய் சுகந்தி முன்னால் வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாணம் முடிந்து பாரிஸ் போன கணவன் ஏழு வருடமாக அங்கே விசா இல்லாமல் இருக்கிறான்; அவனுக்குக் கிடைத்தால்தான் இவளுக்கு.

"என்ரை பூட்டை எடுங்கோ அம்மா. ஆனால் ஒரு நிமிசம் பொறுங்கோ."

பூட்டு மாட்டியிருந்த அதே சங்கிலிக் கண்ணிக்குள், பூட்டு வெளியே வருவதற்கு முன்பே, தன் சுட்டுவிரலை நுழைத்தாள். மறுபக்கம் வந்த நுனியைப் பெருவிரலோடு சேர்த்து வளையமாகப் பிடித்துக்கொண்டாள். "இனித் திறவுங்கோ. அது இல்லாத நேரம் நான் நிக்கிறன்."

நான் அவள் திறப்பை வாங்கி, திறந்து, பூட்டை மடியில் போட்டுப் பின்தகட்டைத் தட்டினேன். இரண்டு ஸ்பிரிங் துருவாகியிருந்தது. ஒரு பூட்டுக்குக் கால்மணி நேரமாவது ஆகும். காற்றில் இழுபட்ட சங்கிலியை மறுகையால் பிடித்திருந்தும், அந்த இரும்புக் கண்ணி அவள் விரலை அழுத்தியது. விரல் சிவந்து, பிறகு நீலம் பூத்தது. அவள் எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி தன் பூட்டிடம் போய்க் கண்ணிக்குள் விரலை நுழைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்து நின்றாள். அதற்கு அடுத்து இன்னொருத்தி.

சுகந்தியின் தோள்பைக்குள் போன் அடித்தது.

"அவராத்தான் இருக்கும். எடுத்துக் கதையுங்கோ அம்மா" என்றாள். "என்னாலை இப்ப கையெடுக்கேலாது எண்டு சொல்லுங்கோ."

எடுத்தேன். "சுகந்தி?" என்றது ஓர் ஆண் குரல்.

"தம்பி, நான் திண்டுக்கல்லு. உங்க பூட்டைச் செஞ்சவ. அதைப் பிரிச்சு ரிப்பேர் பண்ணிட்டிருக்கேன். பூட்டு இருந்த இடத்துல உங்க சம்சாரம் விரலைக் கொடுத்துட்டு நிக்குது. முடியிற வரைக்கும் எடுக்காதாம்."

இணைப்புப் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"ஆறுதலாச் செய்யுங்கோ அம்மா, அவசரமில்லை" என்றான் கடைசியில். "நான் லைனிலை நிக்கிறன்."

போனை அணைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த ஸ்பிரிங்கை எடுத்தேன்.